சின்னப் பிள்ளைகளுடன் இரண்டு இரவு கூடாரத்தில்: கடைக்காரர் போடவேண்டிய கணக்கு

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கிவிட்டால் எமது வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பக்கத்து வீட்டார் நுவரெலியா போகிறார்கள், சாச்சா வீட்டார் பாசிக்குடா போகிறார்கள், நாங்கள் எங்கே போகிறோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். "கடையை யார் பார்ப்பது?" என்று வாப்பா கேட்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும், விடுமுறையும் முடிந்துவிடும். காலையில் பிள்ளைகள் எழும்பு முன் கடைக்குப் போய், அவர்கள் தூங்கிய பின் வீட்டுக்கு வரும் வியாபாரிகள் எம்மில் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை பிள்ளை எம்முடன் வர ஆசைப்படும். அதன் பிறகு நாம் கூப்பிட்டாலும் நண்பர்களோடுதான் போகும்.

இந்த வாரம் கொள்முதல், வரி, வங்கி எல்லாவற்றையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுடன் கூடாரம் அடித்துத் தங்கி வரும் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்போம். ஹோட்டல் அறைகளின் விலை இன்று சாதாரண கடைக்காரர் ஒருவர் நான்கு பிள்ளைகளுடன் நினைத்துப் பார்க்கும் நிலையில் இல்லை. கூடாரம் அப்படியல்ல. ஆனால் திட்டமில்லாமல் போனால் ஹோட்டலை விடச் செலவும், அதைவிடப் பெரிய ஆபத்தும் வரும்.

மூடினால் எவ்வளவு நட்டம்?

"மூன்று நாள் மூடினால் இரண்டு இலட்சம் போய்விடும்" என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பனையைச் சொல்கிறார், நட்டத்தை அல்ல. உதாரணத்துக்கு ஒரு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். நாள் விற்பனை 60,000 ரூபா, இலாபம் நூற்றுக்கு 12 என்று வைத்தால் ஒரு நாளின் மொத்த இலாபம் 7,200 ரூபா. மூன்று நாட்களுக்கு 21,600 ரூபா. கடை வாடகையும் பையன்மாரின் சம்பளமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அவை வழமையாக இந்த இலாபத்திலிருந்தே கட்டப்படுபவை. அவற்றை 21,600இற்கு மேல் திரும்பவும் சேர்த்து இரண்டு தடவை எண்ணக்கூடாது. அத்துடன் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் அரிசியையும் சீனியையும் முதல் நாளே வாங்கி வைப்பார்கள், அல்லது நீங்கள் திறந்த பின் வருவார்கள். அப்படி அரைவாசி திரும்பி வந்தால், உண்மையான இழப்பு 11,000 ரூபாவுக்குள்தான். உங்கள் கடையின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். புடைவைக் கடையில் இலாப வீதம் கூட, ஹார்ட்வெயாரில் வேறு. ஆனால் பயமுறுத்தும் தொகையாக அது வராது.

எந்த மூன்று நாள் என்பதுதான் முக்கியம். பலசரக்குக்காரர் மாதக் கடைசியிலும் அடுத்த மாதத்தின் முதல் பத்து நாட்களிலும் அசையக்கூடாது. சம்பளப் பணம் புழங்கும் காலம் அது. 15ஆம் திகதியிலிருந்து 22 வரை கடை தானாகவே தூங்கும். புடைவை, பாதணி வியாபாரிகளுக்குப் பெருநாள் முடிந்த அடுத்த வாரத்தை விட நல்ல வாரம் இல்லை. கிழமையில் என்றால் என் தெரிவு செவ்வாய், புதன், வியாழன். செவ்வாய் காலை புறப்பட்டு, இரண்டு இரவு தங்கி, வியாழன் பின்னேரத்துக்குள் வீடு. வெள்ளி ஜும்ஆ உங்கள் சொந்தப் பள்ளியில். வார இறுதி வியாபாரமும் கைவிட்டுப் போகாது.

வார நாட்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சனி, ஞாயிறு, போயா சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைகளில் முகாமிடும் இடங்களுக்கு வாலிபர் கூட்டங்கள் வரும். பெட்டி பெட்டியாக மதுவும் பாட்டும் விடியும் வரை நடக்கும். பிள்ளைகளையும் பெண்களையும் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் படுக்க முடியாது. வார நாளில் அந்த இடமே அமைதியாக இருக்கும். கட்டணத்திலும் பேசிக் குறைக்கலாம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக் கால விடுமுறை தனியாக வருவதால் எமது பிள்ளைகளின் விடுமுறைத் திகதிகள் மற்றப் பாடசாலைகளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. இது நமக்கு வசதிதான். கூட்டமில்லாத வாரம் கிடைக்கும். ஆயினும் தவணைத் திகதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால் பாடசாலையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முன் காசோலைப் புத்தகத்தைப் புரட்டி, அந்த நாட்களில் வங்கிக்குப் போகவிருக்கும் செக்குகளுக்குப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். பாண், தயிர், மரக்கறி போன்றவற்றின் ஓடரை இரண்டு நாள் முன்பே குறைத்துவிடுங்கள். வாடிக்கையாளர்களுக்கு வாயால் சொல்லுங்கள். கதவில் அறிவித்தல் ஒட்டுவதென்றால் புறப்படும் காலையில் ஒட்டினால் போதும், ஒரு வாரம் முன்பே ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. லாச்சியை வெறுமையாக்கித் திறந்து வைத்துவிட்டுப் போவது நல்லது. உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் உடைக்கவும் மாட்டார்கள்.

மழை எந்தப் பக்கம்?

எமது நாட்டில் ஒரே மாதத்தில் ஒரு பக்கம் வெள்ளம், மறு பக்கம் வரட்சி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மேற்கு, தென்மேற்கு, மலைநாட்டின் மேற்குச் சரிவு எல்லாம் நனையும். நுவரெலியா, ஹற்றன், கித்துல்கல, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பக்கம்தான். ஓகஸ்ட்டில் சின்னப் பிள்ளைகளுடன் கூடாரத்துக்கு அங்கே போவது ஈரச் சீமெந்து வாங்குவது போன்றது. அதே நேரத்தில் மலையின் மறுபக்கமான ஊவாவில் மழை குறைந்து வரண்ட காற்று வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணமும் விலையும் வருவது அந்தக் காற்றினால்தான் என்பதைத் தேயிலை வியாபாரிகள் அறிவார்கள். அந்த மாதங்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மழைக்குப் பயமில்லை. காற்றுக்கும் புற்றரைத் தீக்கும்தான் பயம். அங்கே தீ மூட்டி இறைச்சி சுடுவதை மறந்துவிடுங்கள். மேட்டு முனையில் கூடாரம் அடித்தால் இரவு முழுவதும் காற்று அதைப் பிடித்து உலுப்பும். பிள்ளைகள் தூங்கமாட்டார்கள், நீங்களும் தூங்கமாட்டீர்கள். நக்கிள்ஸ் மலையின் றிவர்ஸ்டன் பக்கமும் காற்றுக்குப் பேர்போனது.

கிழக்குக் கரை ஓகஸ்ட்டில் வரண்டு கிடக்கும். பாசிக்குடா, நிலாவெளி, அறுகம்பை மூன்றும் சீசனில் இருக்கும். அதே காலத்தில் ஹிக்கடுவை, பேருவளைக் கடல் கொந்தளிக்கும். கிழக்கிலும் எல்லா இடமும் பிள்ளைகளுக்கு ஒன்றல்ல. பாசிக்குடா குடாவில் நீண்ட தூரம் ஆழமில்லை. அறுகம்பையோ அலையில் விளையாட வருபவர்களுக்குப் பேர்போன இடம், சின்னவர்களை எங்கே இறக்குவது என்று பார்த்துத்தான் இறக்க வேண்டும். ஆனால் அறுகம்பைக்குப் பக்கத்தில் பொத்துவில் இருக்கிறது. பள்ளி, ஹலால் உணவு, மீன், மருந்துக்கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கிழக்கில் பகலில் கச்சான் காற்று நெருப்பாக அடிக்கும் என்பதால், காலை 9 மணிக்குப் பின் 4 மணி வரை பிள்ளைகளை மர நிழலில் வைத்திருக்கத் தெரிந்தவருக்கே அந்தப் பக்கம் பொருந்தும். கூடாரம் வெயிலில் நின்றால் உள்ளே போறணைதான்.

டிசம்பர் விடுமுறைக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அப்போது வடகீழ்ப் பருவமழை, கிழக்கு நனையும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி மின்னல். 2 மணிக்குப் பிறகு திறந்த வெளியிலோ தனி மரத்தின் கீழோ நிற்கக்கூடாத காலம் அது.

குளிரையும் கணக்கெடுங்கள். 1000 மீற்றர் உயரும்போது சூடு ஏறத்தாழ 6 பாகை குறையும். கொழும்பில் இரவு 25 பாகை என்றால் 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 13 அல்லது 14 பாகை. 2,100 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் அதைவிடக் குறைவு. ஜனவரி, பெப்ரவரியில் அங்கே புல்லில் உறைபனி விழும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடன் முதல் தடவை போகிறவர் 1000 மீற்றருக்கு மேல் ஏறாமலிருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். பேர்பெற்ற இடத்தைப் பார்த்து அல்ல, வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளை எதைத் தாங்கும் என்று பார்த்து இடத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒன்றரை வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் கூடாரத்தை விட்டுவிட்டு, அதே வளவில் சிறிய கபானா ஒன்றை உம்மாவுக்கும் குழந்தைக்கும் எடுத்துக்கொடுங்கள். பெரியவர்கள் முற்றத்தில் கூடாரம் அடிக்கலாம்.

இரவோடிரவாக வேண்டாம்

எமது வியாபாரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரவு 9 மணிக்குக் கடையை மூடி, சாப்பிட்டு, குடும்பத்தை வேனில் ஏற்றி, "விடியும்போது அங்கே நிற்கலாம்" என்று புறப்படுவார்கள். ஒரு நாள் வியாபாரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைப்பு. நாள் முழுவதும் கடையில் நின்றவர் இரவு 2 மணிக்கு வளைவுப் பாதையில் வண்டி ஓட்டுகிறார். 2025 செப்டெம்பரில் எல்ல-வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்று இரவில் திரும்பிய பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். சின்னப் பிள்ளைகளுடன் நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணம் வேண்டாம். ஒன்றரை மணிக்கொரு தடவை நிறுத்தம். பகல் 2 மணிக்கு முன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வெளிச்சத்தில் நிலத்தைப் பார்த்துக் கூடாரம் அடிக்க முடியும். மஃரிபுக்குள் அடுப்பும் பாயும் ஒழுங்காகிவிட வேண்டும். இருட்டில் புது இடத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டு கம்பி தேடும் நேரத்தில்தான் பிள்ளை எங்கோ நழுவிப்போகும்.

மலைப்பக்கம் போவதென்றால் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலை மாவட்டங்களில் நடந்ததும் நாம் கண்ணால் கண்டவை. நீங்கள் போகும் பிரிவுக்கு மஞ்சள் நிறம் வந்தாலே பயணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றுங்கள். முற்பணம் போனால் போகட்டும்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

தேசிய வனப் பூங்காக்களுக்குள் கூடாரம் அடிக்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே இடம் பதிவு செய்ய வேண்டும். நக்கிள்ஸ் போன்ற காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கேட்காமல் காட்டுக்குள் கூடாரம் அடிப்பது சட்டவிரோதம். யானை நடமாடும் பூங்காக்களுக்குள் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுடன் இரவு தங்குவதை நான் விரும்புவதில்லை. பகலில் சபாரி போய்ப் பார்த்துவிட்டு வெளியே தங்கலாம். ஓகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாவில் யானைகள் கூட்டமாகச் சேரும் காட்சி அப்படிப் பார்க்கக்கூடியதே.

ஆகவே முதல் பயணத்துக்குத் தனியார் வளவில் நடத்தப்படும் முகாமிடமே பொருத்தம். படத்தைப் பார்த்துப் பணம் போடாதீர்கள். சரக்கு மாதிரியைப் பார்க்காமல் ஓடர் கொடுப்போமா? உரிமையாளருடன் பேசுங்கள். மலசலகூடம் கூடாரத்திலிருந்து எத்தனை அடி தூரம், பெண்களுக்கு வேறாக உண்டா, உள்ளே தாழ்ப்பாளும் வெளிச்சமும் உண்டா என்பதே முதல் கேள்வி. எமது பெண்கள் பயணத்துக்கு மறுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து தலைவலியோடு திரும்புவார்கள். அடுத்து, அதே இரவில் வேறு எந்தக் கூட்டம் தங்குகிறது, மது அனுமதிக்கப்படுகிறதா, இரவில் காவலுக்கு ஆள் உண்டா, வண்டி கூடாரம் வரை வருமா, தொலைபேசி சிக்னல் எந்தக் கம்பனிக்கு இழுக்கும், அண்மைய அரச வைத்தியசாலை எது, போக எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தை விட்டுவிடுங்கள்.

கூடாரமும் தண்ணீரும்

கூடாரம் வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வாங்குவதென்றால், "நான்கு பேர்" என்று பையில் அச்சடித்திருப்பது நான்கு பேர் பலகை போல் ஒட்டிப் படுத்தால்தான். பெரியவர் இருவரும் சின்னவர் இருவரும் பையும் போக வேண்டுமானால் ஆறு பேர் கூடாரம் எடுக்க வேண்டும். மேலே இரண்டாவது துணி தனியாக இழுத்துக் கட்டக்கூடியதா, தரைத் துணி சுவரோடு சேர்த்துத் தைத்ததா, சிப் முழுவதும் மூடுகிறதா என்று பாருங்கள். தரை தைக்காத மலிவுக் கூடாரம் வேண்டாம். வரண்ட வலயத்தில் சிங்களத்தில் கரவலா என்று சொல்லும் கண்டங்கருவளைப் பாம்பு இரவில், தரையில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் தீண்டும். கடித்த இடம் வலிக்காது, வீங்காது. விடியும்போது வயிற்றுவலி என்பார்கள். சந்தேகம் வந்தாலே கட்டுப்போடாமல், கீறாமல், நேரே அரச வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான், இலவசமாக இருக்கிறது. பிள்ளைகளை வெளியே பாயில் படுக்கவிடாதீர்கள். சப்பாத்தைப் போடுமுன் தட்டிப் போடப் பழக்குங்கள்.

கூடாரத்தின் கீழே ஒரு படங்கு விரிக்க வேண்டும். அது கூடாரத்தின் தரையை விட எல்லாப் பக்கமும் சற்றுச் சிறிதாக மடிக்கப்பட்டிருக்க வேண்டும். பெரிதாக வெளியே நீட்டியிருந்தால் மழைநீரை ஏந்தி உள்ளே கொண்டுவரும். பலரும் இதை மாற்றிச் செய்துவிட்டுக் கூடாரத்தைக் குறை சொல்கிறார்கள். ஆற்று மணல், வெட்டிய மண்மேட்டின் அடிவாரம், தென்னைமரத்தின் கீழ், காய்ந்த கிளையுள்ள மரத்தின் கீழ் கூடாரம் அடிக்கக்கூடாது. குளிர்கிறது என்று கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ உள்ளே வைப்பது கொலைக்குச் சமம். மூடிய கூடாரத்தில் கரிப்புகை மணமில்லாமலே ஆளை முடித்துவிடும். குளிருக்கு மேலே போர்ப்பதை விடக் கீழே தடிப்பாக விரிப்பதே முக்கியம். நிலம்தான் சூட்டை இழுக்கிறது.

இவ்வளவையும் முதன்முதலாக ஆற்றங்கரையில் செய்து பார்க்காதீர்கள். போவதற்கு ஒரு வாரம் முன் வீட்டு முற்றத்தில், அல்லது மேல் சிலப்பில் கூடாரத்தை அடித்துப் பிள்ளைகளுடன் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். எந்தக் கம்பி எங்கே, யார் இரவில் அழுகிறார், யார் பாயை நனைக்கிறார் என்பதெல்லாம் செலவில்லாமல் தெரிந்துவிடும். அந்த இரவே பிள்ளைகளுக்குப் பாதிப் பயணம். பயந்த பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு சின்ன டோர்ச் வாங்கிக் கொடுங்கள், தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கட்டும். கழுத்தில் ஒரு விசிலும் வேண்டும். வழி தவறினால் நடக்காதே, நின்ற இடத்தில் நின்று ஊது என்பதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் என்று கணக்கு வையுங்கள். ஆறு பேருக்கு இரண்டு நாளைக்கு 48 லீற்றர். 19 லீற்றர்ப் போத்தல் மூன்று எடுத்தால் கொஞ்சம் மிஞ்சும். வுழூவுக்கும் கழுவலுக்கும் தனி நீர். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு வுழூச் செய்து பழகியவர்களுக்கு, கெண்டியில் ஒரு லீற்றரில் வுழூ முடியும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல சந்தர்ப்பம். எமது நாட்டிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. அஸர் நேரச் சூரியனை வைத்தே ஓரளவு மட்டுக்கட்டலாம். பயணத்தில் சுருக்கித் தொழுவது, சேர்த்துத் தொழுவது பற்றி உங்கள் பள்ளி மௌலவியிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பெரிதாக்க வேண்டாம். புரியாணிச் சட்டி ஏற்றினால் உம்மாவுக்கு விடுமுறை இல்லை. முதல் நாளுக்கு வீட்டில் சமைத்தது, பிறகு றொட்டி, சம்பல், பருப்பு, முட்டை, டின் மீன். போயா நாளில் இறைச்சிக்கடை மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். லன்ச் சீற்று, பொலித்தீன் வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி வாசலிலேயே பறித்துவிடுவார்கள். மிச்சச் சாப்பாட்டைக் கூடாரத்துள் வைக்காதீர்கள். குரங்கு, காட்டுப்பன்றி, சில இடங்களில் யானையும் அந்த மணத்துக்குத்தான் வரும்.

ஆறு

பயணங்களில் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் இடம் தண்ணீர்தான். பாம்பும் யானையும் பிறகு. விடுமுறை வந்தால் எமது பத்திரிகைகளில் நீரில் மூழ்கிய செய்தி வராமல் போவதில்லை. அவற்றில் எமது ஊர்ப் பெயர்களும் இருக்கும்.

மேலே மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எரிக்கும்போதே ஆறு ஏறும். தண்ணீர் கலங்குவது, இலையும் தடியும் மிதந்து வருவது, ஓசை மாறுவது ஆகியன அடையாளங்கள். கண்டவுடன் எல்லோரும் கரைக்கு வர வேண்டும். துணியை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. கித்துல்கலையில் களனி கங்கை போன்று மேலே நீர்மின் நிலையங்களுள்ள ஆறுகளில் மழையே இல்லாமலும் நீர் திறந்துவிடப்படும். எந்த நேரத்தில் திறக்கிறார்கள் என்று ஊரவரிடம் கேட்டுக்கொள்ளாமல் இறங்கக் கூடாது. பெலிஹுல்ஓயா போன்ற கல்லாறுகளில் மேலே அமைதியாகத் தெரியும் குழியின் அடியில் இழுவை இருக்கும்.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போகும்போது ஆபத்துக் குறையும் என்று நினைக்கிறோம். உண்மையில் கூடுகிறது. கடையில் கல்லாவை எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மச்சான் பார்க்கிறார் என்று நானா நினைக்க, நானா பார்க்கிறார் என்று மச்சான் நினைக்க, பிள்ளை போய்விடும். ஆகவே பெயர் குறித்து முறை போடுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருவர். அந்த நேரத்தில் அவர் கையில் போன் இருக்கக்கூடாது, பேச்சில் சேரக்கூடாது, கைநீட்டினால் பிள்ளையைத் தொடும் தூரத்தில் முழங்காலளவு நீரில் நிற்க வேண்டும். முறை மாறும்போது அடுத்தவரின் பெயரைச் சொல்லி, அவர் "நான் பார்க்கிறேன்" என்று வாயால் சொன்ன பிறகே கரையேற வேண்டும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி வாங்குங்கள். காற்று ஊதும் ரியூப் அதற்கு மாற்றாகாது. சாரத்தோடும் அபாயாவோடும் ஆற்றில் இறங்குவோர், ஈரத் துணி காலைச் சுற்றினால் நீந்தத் தெரிந்தவரும் தாழ்வார் என்பதை அறிய வேண்டும். இடுப்புக்கு மேல் போகக்கூடாது. ஒரு பிள்ளை இழுபட்டால் பின்னால் குதிப்பவரும் சேர்ந்தே போவதுதான் பல செய்திகளில் நாம் வாசிப்பது. கயிறு, நீண்ட தடி, மூடிய வெறும் போத்தல் எதையாவது எறிய வேண்டும். ஒரு 15 மீற்றர்க் கயிறு எப்போதும் கரையில் கிடக்கட்டும்.

வேனில் ஒரு சிறு பெட்டியில் ஜீவனிப் பக்கற், பனடோல் சிரப், பிளாஸ்டர், நுளம்புக் கிறீம், அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம் வையுங்கள். பெரிய சவர்க்காரக் கட்டியைக் காலில் உலர்வாகத் தேய்த்தால் அட்டை ஏறத் தயங்கும். டெங்கு நுளம்பு பகலில், விசேடமாகக் காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கும். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பெரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காமல் வைத்தியரிடம் காட்டி, எங்கே போய் வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வயல், தேங்கிய நீரில் விளையாடியிருந்தால் எலிக்காய்ச்சலும் நினைவில் இருக்கட்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் நாடு முழுவதும் இலவசமாக வருகிறது. இருக்கும் இடத்தின் பெயரையும் அருகிலுள்ள சந்தியின் பெயரையும் சிங்களத்தில் சொல்லும் விதமாக ஒரு துண்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் நாக்கு வராது.

வியாழன் காலை பிள்ளைகள் "இன்னும் ஒரு நாள்" என்பார்கள். காலைச் சாப்பாட்டோடு கூடாரத்தை இறக்கி 10 மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். காலைப் பனியில் கூடாரம் ஈரமாகத்தான் இருக்கும். அதை அப்படியே மடித்துப் பையில் போட்டுக் கடைக் கிடங்கில் எறிந்தால் அடுத்த விடுமுறையில் எடுக்கும்போது பூஞ்சணம் பிடித்து நாறும், துணியும் கிழியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் சிலப்பில் விரித்துக் காயப்போட்டு, கம்பிகளை எண்ணிப் பையில் போட்டு, எண்ணிக்கையை ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள்.